விளிம்பில் நின்றுபோன குரல்

அத்தியாயம் 14

சென்ற வாரம் தொலைபேசியில் பொடிசு சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "வர்றேன்."

அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்கு அவளுடைய மாமா இரண்டு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

பொடிசு என்பது சின்ன வயதில் வைத்த பெயர். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, மாமாவைவிட ஒரு சாண் உயரமாகிவிட்டாள். பெயர் மட்டும் வளரவே இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊருக்கு அவன் ஸ்டுடியோக்காரன். கல்யாணமோ பள்ளி ஆண்டு விழாவோ, கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, டிவிடியில் போட்டுக் கொடுப்பவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அடுத்தவன் கல்யாணத்தைப் பார்த்தே கண்ணு பூத்துப்போச்சு" என்பான்.

அவனுடைய அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கணவர் போன பிறகு மகளையும் தம்பியையும் அந்த மைக்கை நம்பித்தான் கரை சேர்த்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. குரல் தெரியும். கடைத்தெருவில் அவள் வாயைத் திறந்தால் போதும், "நீங்க மைக் அக்காதானே?" என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் குரல் இப்போது இல்லை. தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பாள் என்றார்கள். எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவள் தம்பியைக் கூப்பிட்டாள். "கேமராவைக் கொண்டா. குரல் போறதுக்குள்ள பேச வேண்டியதைப் பேசி வச்சுடறேன்" என்றாள். இரண்டு மணி நேரம் பேசினாள். கடைசிப் பகுதி வந்ததும், "இது பொடிசுக்கு. நீ வெளியில போய் நில்லு" என்றாள். அவன் கேமராவை ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தான். அவள் கதவைத் திறந்தபோது முகம் வீங்கியிருந்தது. "சொல்லிட்டேன்டா" என்றாள். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை.

என்ன சொன்னாள் என்று தெரியாவிட்டாலும், எதைப் பற்றி என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளியூரில் பொடிசின் கைக்குழந்தை இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டது. அன்று அம்மா வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. சில நாள் கழித்துப் போய்க் கதவைத் தட்டியபோது மகள் திறக்கவில்லை. ஏன் வரவில்லை என்று மைக் அக்கா யாரிடமும் வாய் திறந்ததில்லை. பேசக் குரல் இருந்த காலத்திலும் சரி.

"காரணம் அந்த டிவிடியில இருக்கு பொடிசு. உனக்காகத்தான் பேசியிருக்கா. நீ வந்து பாரு, அது போதும்" என்று மாமா சொல்லித்தான் அவள் வர ஒப்புக்கொண்டாள்.

இன்று வருகிறாள்.

*

காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் அவன் அந்த டிவிடியைத்தான் எடுத்தான். வீட்டில் போடுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம். பொடிசுக்கான பகுதி வரும்போது சத்தத்தை அணைத்துவிட்டால் ஆயிற்று.

திரையில் அக்கா வந்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கரண்டியை மைக் மாதிரி வாயருகே பிடித்திருந்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டிய என் தம்பி, வழக்கம்போல இன்னும் குளிக்கவில்லை. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

கேமராவுக்குப் பின்னால் அவன் சிரித்த சத்தமும் பதிவாகியிருந்தது. இப்போதும் சிரித்தான். பிறகு படத்தை முன்னே நகர்த்தினான். இன்னும் முன்னே.

அக்காவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாய் ஓரிடத்தில் நின்றது, கண் ஓரிடத்தில் நின்றது. கம்ப்யூட்டருக்குள் டிவிடித் தட்டு விர்ரென்று சுற்றி, தயங்கி, மறுபடி சுற்றி ஓய்ந்தது.

அவன் தட்டை எடுத்து மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தான். மறுபடி போட்டான். அதே இடம்.

பதற்றமில்லாமல் இரண்டாவது டிவிடியை எடுத்தான். பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று மூன்று பிரதி போட்டு வைத்திருந்தான். இரண்டாவதும் அங்கேயே நின்றது. மூன்றாவது இன்னும் கொஞ்சம் முன்னதாகவே நின்றது.

ஒரே தப்பை மூன்று தடவை பத்திரப்படுத்தி வைத்திருந்தான்.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். அந்தச் சாயங்காலம் அவனுக்கு அப்படியே நினைவு வந்தது. கல்யாண வீட்டுக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரின் ஒரு பக்கத்தில் அந்தக் கல்யாணப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில் அக்காவின் படத்தை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று டிவிடியில் எழுதவிட்டான். சீக்கிரம் முடியட்டும் என்று உச்ச வேகத்தில் வைத்தான். மொத்தமாக வாங்கிப் போட்டிருந்த மலிவுத் தட்டு. இரண்டு மணி நேரப் படம் தட்டின் விளிம்புவரை வழிந்தது.

டிவிடியில் பதிவு நடுவிலிருந்து தொடங்கும். எழுத எழுத வெளியே வரும். விளிம்புதான் எப்போதும் வம்பு. இது அவனுக்குத் தெரியாததா? "அவசரம்னா வேற கடைக்குப் போங்க, நிதானமா எழுதினாத்தான் நாளைக்கும் ஓடும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன் அவன்.

'முடிந்தது' என்று திரையில் ஒரு வார்த்தை வந்தது. எழுதியது சரியாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டரையே சரிபார்க்கச் சொல்ல ஒரு பொத்தான் உண்டு. அதற்கு இன்னும் அரை மணி பிடிக்கும். அவன் அதை அழுத்தவில்லை. முதல் இரண்டு நிமிடத்தை ஓட்டிப் பார்த்தான். அக்கா கரண்டியோடு வந்தாள். சரி என்று கேமரா கார்டை அழித்தான். கம்ப்யூட்டரில் இருந்த மூலத்தையும் அழித்தான். கல்யாணத்துக்கு இடம் வேண்டியிருந்தது.

அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்று அவனிடம் இருந்தது. அதை ஓடவிட்டான். நீண்ட நேரம் தேடி, 'அக்கா' என்று அவன் வைத்த பெயரைக் கண்டுபிடித்துக் காட்டியது. நெஞ்சு அடித்துக்கொள்ள அதைத் திறந்தான்.

மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

*

பேருந்து நிலையத்தில் புதுப் பெண் ஒருத்தி அறிவித்துக்கொண்டிருந்தாள். நல்ல குரல்தான். ஆனால் ஊர்ப் பெயர்களை விழுங்கினாள். தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "என்ன சொல்லுது இந்தப் பொண்ணு? நம்ம மைக் அக்கா லீவா?" என்று அவனிடமே கேட்டார். அவன் தலையாட்டி வைத்தான்.

பொடிசு இறங்கினாள். தோளில் ஒரு பை மட்டும்.

"எப்படி இருக்கே?" என்றான்.

"இருக்கேன். சாயங்காலம் திரும்பணும் மாமா. டிக்கெட் எடுத்தாச்சு."

"அதுக்குள்ளயா?"

"பாக்கத்தானே வந்தேன். பாத்துட்டுப் போறேன்."

ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்தாள். வழி முழுக்க அவன் சொல்ல வாயெடுத்தான். சிக்னலில் ஒரு தடவை, மருந்துக் கடை வளைவில் ஒரு தடவை. வீட்டு டிவிடி பிளேயர் பழசு. சில சமயம் கம்ப்யூட்டர் படிக்காததைப் பழைய பிளேயர் படித்துவிடும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வண்டியை ஓட்டினான்.

"அம்மா சாப்பிடறாங்களா?" என்று அவள் கேட்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அம்மா என்றாள்.

"கஞ்சி மாதிரி ஏதாவது. இறங்குது."

"அழறாங்களா?"

"அழறா. சத்தம்தான் வராது" என்றான். சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகு தோன்றியது.

*

மைக் அக்கா கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். கழுத்துத் துளையை மறைத்து ஒரு மெல்லிய துணி. மூச்சு அதன் வழியாகத்தான் வந்து போயிற்று. மடியில் எழுதி அழிக்கிற சின்ன வெள்ளைப் பலகை.

மகளைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள். பொடிசு அருகே வந்து அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. கையை உடனே எடுக்கவும் இல்லை.

அக்கா பலகையில் எழுதினாள்: 'இளைத்துவிட்டாய்.'

"நீங்க மட்டும் என்னவாம்?" என்றாள் பொடிசு. குரல் கொஞ்சம் உடைந்தது.

அக்கா தம்பியைப் பார்த்துக் கையைத் தட்டினாள். போடு என்று தொலைக்காட்சியைக் காட்டினாள்.

அவன் டிவிடியைப் பிளேயரில் தள்ளினான். கரண்டி மைக் வந்தது. பொடிசு சிரிக்கக் கூடாது என்றுதான் வந்திருந்தாள் போலிருக்கிறது. ஆனாலும் உதடு வளைந்தது. திரையில் பேசிய அம்மாவையும் பக்கத்தில் பேசாமல் இருந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்காவோ திரையைப் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு அறிவுரை வந்து போயிற்று. பக்கத்து வீட்டுக்காரிக்கு நன்றி வந்து போயிற்று. வீட்டுச் சாவிகள் எது எதற்கு என்றுகூட ஒரு பகுதி. பிறகு கதவு சாத்தப்படும் சத்தம்.

"பொடிசு" என்றாள் திரையில் அக்கா. "ஆயிரம் பேர் நிக்கற இடத்துல மைக்ல பேசியிருக்கேன். உன் ஒருத்திகிட்ட பேச எனக்குக் கால் நடுங்குது. அன்னைக்கு..."

முகம் உடைந்தது.

பிளேயர் கரகரவென்று முனகியது. திரை கறுத்தது. 'தட்டைப் படிக்க முடியவில்லை' என்று எழுத்து வந்தது.

"என்ன மாமா ஆச்சு?"

அவன் வேறொரு தட்டைப் போட்டான். அக்கா கையைத் தட்டினாள், என்ன என்று கேட்கிற தட்டல். அதுவும் அங்கேயே நின்றது. மூன்றாவதைப் போடக் கை வரவில்லை.

"காலையிலயே பாத்தேன்" என்றான். "மூணும் ஒரே மாதிரி. கடைசிப் பகுதி சரியா எழுதல."

"வேற காப்பி இருக்குமில்ல? கேமராவுல?"

"அழிச்சுட்டேன்."

"கம்ப்யூட்டர்ல?"

"அதையும் அழிச்சுட்டேன் பொடிசு. டிவிடியில ஏறிடுச்சுன்னு நெனச்சேன். முழுசா ஓட்டிப் பாக்கல."

அக்காவின் கை பலகையைத் தூக்கி நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தது. ஒரு அடி. இன்னொரு அடி. வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் குரலில் சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கி வளர்ந்தவன். இப்போது வெறும் காற்றுத்தான் வந்தது. திட்டாவது விழுந்திருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

பொடிசு அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு மாமாவிடம் திரும்பினாள். "இதைப் படிக்க வைக்கறவங்க யாராவது இருப்பாங்கல்ல? வாங்க, போலாம்."

*

அவர்கள் தேடிப் போனவனை ஊரில் டாக்டர் என்பார்கள். மனிதர்களைத் தொட்டதில்லை. செத்துப்போன கம்ப்யூட்டர்கள்தான் அவனுடைய நோயாளிகள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. முன்பு மாமாவின் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன். தட்டு எழுத அங்கேதான் கற்றுக்கொண்டான்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "விளிம்புல நிறம் மாறியிருக்கு பாரு. வளையம் வளையமா இருக்கு. என்ன வேகத்துல எழுதின?"

"உச்ச வேகம்" என்றான் மாமா.

"கூட ஏதாவது ஓடிட்டு இருந்துச்சா?"

"கல்யாண வீடியோ."

"மேல எதுக்குக் காகித லேபிள் ஒட்டின? சுத்தும்போது ஒரு பக்கமா இழுக்குமே."

"அக்கா படம். அழகா இருக்கட்டும்னு..."

"எழுதினதும் சரிபார்த்தியா?"

டாக்டர் பெருமூச்சு விட்டான். "இதெல்லாம் நீதானப்பா எனக்குச் சொல்லிக் குடுத்த."

அவன் லேபிளை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க முயன்று, தட்டின் வெள்ளிப் பூச்சும் கூடவே வந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டான். அலமாரியிலிருந்து தட்டுப் படிக்கிற பழைய டிரைவ்களை இறக்கினான். ஒவ்வொன்றாக மாட்டி, மெதுவாகப் படிக்கச் சொல்லி, படித்த மட்டும் சேமித்துக்கொண்டே போனான். சில இடத்தில் ஒரே துணுக்கை டிரைவ் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தது. கதவுக்கு வெளியே ஸ்டூலில் மாமாவும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களுக்கு அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா மாமா?"

"என்னை வெளியில அனுப்பிட்டா."

"கதவுக்கு வெளியதானே நின்னீங்க. ஒண்ணும் காதுல விழலயா?"

"வாசல்ல நின்னுட்டு இருந்தேன். தெருவைப் பாத்துட்டு."

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு அம்மா மேல கோபம்கூட இல்ல இப்போ. குழந்தைய வச்சுட்டு உக்காந்திருந்தேன். வாசல்ல எந்த வண்டி நின்னாலும் அம்மாதான்னு எழுந்து எழுந்து போனேன். அது மட்டும்தான் திரும்பத் திரும்ப வருது. ஏன் வரலன்னு ஒரு வரி தெரிஞ்சா அது நின்னுடும்னு நெனச்சேன்."

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வரிதான். அதைத்தான் தன் கையால் அழித்திருக்கிறான்.

உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டான். "கொஞ்சம் கிடைச்சிருக்கு. மூணு தட்டுலயும் பொறுக்கிச் சேர்த்தேன். இதுக்கு மேல எழுதவே இல்லப்பா. எழுதாததை நான் எப்படிப் படிக்க?"

"கம்ப்யூட்டர்ல பழசு?" என்றாள் பொடிசு.

"அதுமேல ஒரு கல்யாணம் உக்காந்திருக்கும்மா. எழுப்ப முடியாது."

திரையில் அக்கா வந்தாள். படம் அங்கங்கே கிழிந்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அன்னைக்கு நான் வேலையால வராம இருக்கல பொடிசு. உடம்பு முடியாமயும் இல்ல. சேதி வந்ததும் பையை எடுத்துட்டேன். செருப்பை மாட்டிட்டேன். வாசல்படி இறங்கிட்டேன். அப்போதான் உன் மாமா..."

அவ்வளவுதான். வாய் 'மா' என்று திறந்தபடி நின்றது.

பொடிசு மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அவள் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. கேள்விக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல" என்றான்.

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள்.

டாக்டர் கிடைத்தவரையில் புதுத் தட்டில் எழுதிக் கொடுத்தான். உறை பிரிக்காத நல்ல தட்டு. கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, குறைந்த வேகத்தில் எழுதவிட்டான். மேலே லேபிள் ஒட்டாமல் அதற்குரிய பேனாவால் தேதி மட்டும் போட்டான். பிறகு எழுதியதையும் மூலத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வைத்தான். மூன்று பேரும் திரையில் ஒரு கோடு நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு பிழைகூட இல்ல" என்றான் டாக்டர்.

"அப்படின்னா?" என்றாள் பொடிசு.

"உள்ள இருக்கறது அப்படியே ஏறிடுச்சும்மா. ரொம்ப வருஷம் ஓடும்."

"உள்ள இல்லாதது?"

டாக்டர் தட்டை உறையில் போட்டு மாமாவிடம் நீட்டினான். அவன் வாங்கவில்லை. பொடிசுதான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

*

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அவளுடைய பேருந்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

ஸ்கூட்டரில் வரும்போதெல்லாம் அவன் அந்த நாளைத் தோண்டிக்கொண்டே வந்தான். வெளியூரில் ஒரு கல்யாணம். முதல் நாள் போனவன் மறுநாள் மதியம்தான் திரும்பினான். வந்தபோது அக்கா இதே கூடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பொடிசோட குழந்தை போயிடுச்சுடா" என்றாள். "நீ போகலயா?" என்று கேட்டான். "போகல" என்றாள். அவ்வளவுதான். எந்தப் பக்கம் தோண்டினாலும் வேறொன்றும் அகப்படவில்லை. ஏதாவது அகப்பட்டிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

அக்கா அதே நாற்காலியில் இருந்தாள். பொடிசு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் கிடைச்சுது. பையை எடுத்துட்டு வாசல்படி இறங்கிட்டேன்னு சொல்றீங்க. 'அப்போதான் உன் மாமா'ன்னு வந்து நின்னுடுச்சு. மீதியைச் சொல்லுங்கம்மா. எழுதிக் காட்டுங்க."

அக்கா பேனாவை எடுத்தாள். எழுதினாள்: 'ஒரு தடவைதான் சொல்ல முடிந்தது.'

"எனக்கு இன்னொரு தடவை வேணும்."

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சும்மா ஒரு வரி. பெரிசா வேண்டாம். என்ன நடந்துச்சுன்னு மட்டும்."

மறுபடி தலையாட்டல். ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை நாள் பல்லைக் கடித்துத் தயாரானாளோ. அந்தத் தெம்பெல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் செலவாகிவிட்டது போலிருந்தது.

பொடிசு எழுந்தாள். "அப்போ நீங்க சொல்லுங்க மாமா."

"எனக்குத் தெரியாது பொடிசு."

"உங்க பேரைத்தான் சொல்றாங்க."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? நான்தானே உன்னை வரச் சொன்னேன்?"

"வரச் சொன்னீங்க. வர்றதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுட்டீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஊர்ல யார் வீட்டுக் கல்யாணமோ அதையெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்க. தொழிலே அதுதான். ஒரு டிவிடி ஒழுங்கா போடத் தெரியாதவரா நீங்க? அதுவும் சரியா அந்த இடம் மட்டுமா போகும்?"

"கடைசியில இருக்கறதுதான் விளிம்புல வரும். அதனாலதான்..." என்று தொடங்கினான். அவனுக்கே அது சாக்கு மாதிரிக் கேட்டது. உள்ளதைச் சொன்னாலும் பொய் போல ஒலித்தது. நிறுத்திக்கொண்டான்.

அப்போது அக்கா கையைத் தட்டினாள். இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் அவசரமாக எழுதினாள். எழுத்துக் கோணியது. பலகையை மகளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

பொடிசு படித்தாள். "அவனைக் கேட்காதே. அவனுக்குத் தெரியாது."

அவனுக்கு முதலில் உடம்பெல்லாம் லேசானது. அக்கா காப்பாற்றிவிட்டாள். ஒரு மூச்சு அளவுக்குத்தான் அது நின்றது. பிறகு அந்தக் கடைசி வார்த்தையை அவன் மறுபடி படித்தான்.

"எனக்கு என்ன தெரியாது அக்கா?"

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நான் ஊர்லயே இல்லையே. நான் என்ன பண்ணேன்? அக்கா, உன்னைத்தான் கேக்கறேன்."

அவள் உள்ளங்கையால் பலகையைத் துடைத்தாள். பேனாவுக்கு மூடி போட்டாள். பலகையை முகம் கவிழ மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

பொடிசு பைக்குள் கையை விட்டுப் பேருந்துச் சீட்டை எடுத்தாள். அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"நான்தான். இன்னிக்கு வரல... இல்ல, சண்டையெல்லாம் இல்ல. அம்மா ஒரு வரி எழுதணும். எழுதற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

சொல்லிவிட்டு அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மாமாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க கடைக்குப் போங்க மாமா" என்றாள். "நீங்க இருந்தா அவங்க எழுத மாட்டாங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். போக வேண்டாம் என்று அவள் தலையாட்டுவாள் என்று காத்திருந்தான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.